தொண்ணூறும் நோனாந்தும்

ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆகும் விதியைச் சாதாரணதர வகுப்பில் எங்கள் தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதி, நன்னூல் சூத்திரத்தை ஒப்புவிக்கச் சொன்னபோது எனக்கு வாய் எழவில்லை. நூற்றுக்குப் பத்துக் குறைந்த எண்ணுக்குள் ‘நூறு’ எப்படிப் புகுந்தது என்ற கேள்வி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது.

1987இல் பாரிஸ் வந்து, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கினேன். எனக்குப் பிரெஞ்சு எண்களைச் சொல்லித் தந்தவர், கொங்கோவின் தலைநகர் கின்ஷாசாவிலிருந்து வந்து அங்கே சமையல் வேலை செய்த ஒரு பெரியவர். வெங்காயம் உரித்தபடியே எழுபதைச் ‘செப்தாந்த்’ என்றும் தொண்ணூறை ‘நோனாந்த்’ என்றும் அவர் சொல்ல, நானும் அப்படியே பாடமாக்கினேன். சில வாரங்களின் பின், நூறு பிராங் தாளைக் கொடுத்துப் பாண் வாங்கி, மிச்சக் காசை ‘நோனாந்த்-செத்’, அதாவது தொண்ணூற்றேழு, என்று வாய்விட்டு எண்ணியபோது, கடைக்கார அம்மா, “நீங்கள் முன்பு பெல்ஜியத்திலா இருந்தீர்கள்?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. கொங்கோ 1960 வரை பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்ததால், பெல்ஜியரின் எண்களே கின்ஷாசாவிலும் வழங்குகின்றன. பாரிஸிலோ தொண்ணூறு என்பது ‘கத்ர வான் தீஸ்’, அதாவது நான்கு இருபதும் பத்தும். இருபது இருபதாக எண்ணிய பழங்கணக்கின் எச்சம் அது. பஸ்தீய் அருகேயுள்ள ‘கான்ஸ் வான்’ கண் மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டிச் சென்றபோதுதான், பதினைந்து இருபது என்ற அப்பெயர், 13ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னன் பார்வையற்றோர் 300 பேருக்கென அமைத்த இல்லத்தைக் குறிப்பது என்று அறிந்தேன்.

சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் என் தங்கை எண்பதைக்கூட ‘உய்தாந்த்’ என்கிறாள். அதே நாட்டின் ஜெனீவாவில் அப்படிச் சொல்வதில்லை. மொன்றியலில் வாழும் வகுப்புத் தோழனின் பிள்ளைகள், கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தால் பிரெஞ்சுப் பாடசாலையில் படித்தவர்கள். அவர்கள் எண்ணுவது பாரிஸ் முறையில்தான், ஆனால் எங்களுக்கு இராச்சாப்பாடாகிய ‘தினே’ அவர்களுக்கு மதியச் சாப்பாடு.

பிரெஞ்சு பேசுவோர் 32 கோடிக்கும் மேல் என்று, பிரெஞ்சு வழங்கும் நாடுகளின் கூட்டமைப்பான பிராங்கோபோனி அமைப்பு 2022இல் கணக்கிட்டது. கின்ஷாசாவின் மக்கள்தொகையோ பாரிஸினுடையதைவிடப் பன்மடங்கு பெரிது. அப்படியிருக்க, சரியான பிரெஞ்சு எதுவென்று பாரிஸ்காரர் தீர்ப்புச் சொல்லும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

என் ‘நோனாந்த்’தைத் திருத்தித் திருத்திக் களைத்த மகள், ஒருநாள் தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்து, தொண்ணூற்றில் ஏன் ‘நூறு’ இருக்கிறது என்று கேட்டாள். சூத்திரத்தின் முதல் வரிக்கு மேல் எனக்கு நினைவு வரவில்லை.