மரம் பிழைத்தது, பூ பிழைக்கவில்லை

எட்டு வருடமாக நின்ற ஏப்ரிகாட் மரத்தைப் போன இலையுதிர் காலத்தில் எடுத்துவிட்டேன். மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிய ராத்திரிகளையெல்லாம் தாங்கிய மரம். ஒரு கிளைகூடப் பட்டுப்போனதில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு பழம் கிடைக்கவில்லை.

காரணம் பூ. இந்த மாதிரி மரங்கள் தூக்கம் கலைந்து பூக்க, முதலில் குளிர்காலத்தில் இத்தனை நேரம் என்று குளிர் வேண்டும். ஏப்ரிகாட்டுக்கு அது சீக்கிரமே கிடைத்துவிடும். அப்புறம் கொஞ்சம் வெயில் அடித்தாலே போதும், மற்ற மரங்கள் தூங்கும்போதே பூத்துவிடும். பிறகு ஒரு ராத்திரி உறைபனி வரும். அப்படி ஒரு காலையில் ஒரு பூவைப் பறித்து நகத்தால் பிளந்து பார்த்தேன். இதழெல்லாம் வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது. நடுவிலிருந்த சூலகம் மட்டும் கறுத்துப்போயிருந்தது. பழமாக வேண்டியது அந்தச் சின்னத் துளிதான். அன்றைக்கு ரொம்ப நேரம் அந்த மரத்தடியிலேயே நின்றிருந்தேன்.

கன்று வாங்கும்போது நாம் பார்ப்பது குளிர் மண்டல எண்ணை. அமெரிக்க வேளாண் துறை வகுத்த கணக்கில் 4ஆம் மண்டலம் என்றால், வருடத்தின் மிகக் குளிர்ந்த ராத்திரி சராசரியாக மைனஸ் 34க்கும் மைனஸ் 29க்கும் நடுவில் இருக்கும். மரம் சாகுமா பிழைக்குமா என்பதற்கு அந்த எண் உதவும். எப்போது பூக்கும், பழுக்க எத்தனை நாள் ஆகும் என்பதை அது சொல்லாது. அதனால் இப்போது நான் முதலில் கேட்பது பூக்கும் காலத்தைத்தான். ஆப்பிள் முழுதாகப் பூத்திருக்கும்போது மைனஸ் 2 டிகிரியில் பத்தில் ஒரு பூ போகும். மைனஸ் 4 தொட்டால் பத்தில் ஒன்பது போய்விடும். இரண்டே டிகிரியில் அந்த வருட விளைச்சல் தீர்மானமாகிவிடுகிறது!

இடமும் அப்படித்தான். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி, பள்ளம் பார்த்து இறங்கும். என் ஏப்ரிகாட் நின்றதோ தோட்டத்தின் தாழ்ந்த மூலை.

பூவுக்காகவே நான் நம்புவது ஹாஸ்கேப், நீலப் பழம் தரும் ஒரு புதர். அதன் பூ மைனஸ் 7 வரை தாங்கும். ஸ்ட்ராபெர்ரிக்கும் முன்னால் பழுத்துவிடும். ஒன்று கவனிக்க வேண்டும்: மகரந்தச் சேர்க்கைக்கு வேறொரு ஹாஸ்கேப் ரகம் பக்கத்தில் வேண்டும். நான் போரியாலிஸ், டன்ட்ரா என்ற இரண்டு ரகங்களைச் சேர்த்து நட்டு, மூன்று வருடம் ஒரு கைப்பிடிதான் பறித்தேன். இரண்டும் பங்காளி முறை, ஒன்றுக்கொன்று உதவாது. ஹனிபீ, அரோரா போல வேறு வழி வந்த, ஒரே சமயத்தில் பூக்கிற ரகம் தேவை.

செர்ரி ஆசை இருந்தால் கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகம் 1999இல் வெளியிட்ட கார்மைன் ஜுவல் இருக்கிறது. புளிப்புச் செர்ரி, ஆள் உயரப் புதர், துணை ரகம் வேண்டாம். புளூபெர்ரிக்கு அமில மண் வேண்டும், அதாவது மண்ணின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறைந்தால் அமிலம் கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். என் மண் 7. வருடா வருடம் கந்தகம் போட்டு மண்ணோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை, விட்டுவிட்டேன். ஆப்பிளில் ரகத்தோடு, அதை எந்த வேர்ச்செடியின் (வேர் தரும் அடிச்செடி) மேல் ஒட்டியிருக்கிறார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள். மேலே ஒட்டிய ரகம் குளிரைத் தாங்கி, வேர் தாங்காவிட்டால் என்ன பயன்? ஆன்டனோவ்கா வேர் கடுங்குளிருக்குப் பெயர் போனது, ஆனால் மரம் பெரிதாக வளரும். எந்தக் கன்றானாலும் பனி விழுமுன் அடித்தண்டைச் சுற்றிச் சன்னக் கம்பி வலை கட்டிவிடுங்கள். பனிக்கு அடியில் வயல் எலி பட்டையை வளையமாகக் கடித்துவிட்டால் மரம் போய்விடும்.

ஏப்ரிகாட் நின்ற அந்தத் தாழ்ந்த மூலையில் இப்போது ஓர் அரோரா நிற்கிறது. இந்த வசந்தத்தில் ஏழெட்டுப் பூ விட்டது, வெளிர்மஞ்சளாக, ஜோடி ஜோடியாக. ஒரு ராத்திரி மைனஸ் 4க்கு இறங்கியது. விடிந்ததும் போய் ஒரு பூவை நகத்தால் பிளந்தேன். உள்ளே பச்சை.