பிக்காசாவை விட்டு வெளியே வந்த அனுபவம்

கம்ப்யூட்டரில் படங்களை அடுக்கவும் திருத்தவும் உதவிய பிக்காசா மென்பொருளை கூகுள் 2016-லேயே நிறுத்திவிட்டது. அந்த வருடம் மார்ச் 15-க்குப் பிறகு அப்டேட் கிடையாது என்று அறிவித்தார்கள், ஆனால் என் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த 3.9 பதிப்பு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததால் நானும் விடவில்லை. அப்பா காலத்துப் படங்களை ஸ்கேன் செய்து, ஓரம் வெட்டி, சாய்ந்ததை நிமிர்த்தி, வெளுத்ததற்குக் கொஞ்சம் நிறம் ஏற்றி, எல்லாமே அதில்தான். அந்தப் பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்த பிறகுதான் புது லேப்டாப் வாங்கினேன்.

படங்களை காப்பி செய்து லேப்டாப்பில் திறந்ததும் பகீரென்றது. தாத்தாவும் பாட்டியும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம், நான் நிமிர்த்தி வைத்தது, மறுபடி இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. வெட்டி எடுத்த ஸ்கேனர் மூடியின் வெள்ளைப் பட்டைகூடத் திரும்ப வந்துவிட்டது. விஷயம் என்னவென்றால், நாம் திருத்தும்போது பிக்காசா படத்தைத் தொடுவதே இல்லை. என்ன திருத்தம் என்பதை ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைந்திருக்கும் ஒரு சின்ன ஐ.என்.ஐ. ஃபைலில் எழுதி வைத்துக்கொள்கிறது. சேவ் கொடுத்தால்தான் திருத்தம் படத்தில் ஏறும், அப்போதும் ஒரிஜினல் தனியாக ஒரு மறைவு ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். நான் வருடக்கணக்காக சேவ் கொடுத்ததே இல்லை.

திரும்பப் பழைய கம்ப்யூட்டருக்கே போய், ஒவ்வொரு ஃபோல்டராக எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எஸ் அழுத்தினேன். முகங்களுக்கு வைத்த பெயர்களையும் படத்துக்குள்ளேயே எழுதிவிடும் வசதி டூல்ஸ் மெனுவில் இருக்கிறது, அதையும் ஓட்டினேன். இரண்டு சாயங்காலம் ஆனது. நடுவில் மூன்று முறை கம்ப்யூட்டர் நின்றது.

அப்புறம் மாற்று தேடும் படலம். இலவசம் என்று தேடியதும் மேலே வந்தது ஒரு டவுன்லோடு தளம், பெரிய பச்சை பட்டன். அவசரத்தில் அழுத்திவிட்டேன். இன்ஸ்டால் ஆகும்போதே பிரவுசரின் தேடுபொறியை மாற்றவா, இன்னொரு 'கிளீனர்' சேர்க்கவா என்று வரிசையாகக் கேட்டது, வேண்டாம் என்ற எழுத்து மட்டும் மங்கலான சாம்பல் நிறத்தில். பாதியில் நிறுத்தியும் அந்த கிளீனர் உள்ளே வந்துவிட்டது, அதை நீக்கி முடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. நம் வீட்டுப் படங்கள் இருக்கும் மெஷினில் இப்படி ஒன்று நுழைவதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

அதிலிருந்து எதையும் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் எடுப்பதில்லை. எடுத்ததையும் திறக்கும் முன் வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் போட்டுப் பார்க்கிறேன், ஏகப்பட்ட ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்கின்றன. இன்ஸ்டாலரை மட்டும் அங்கே போடுங்கள், சொந்தப் படங்களை வேண்டாம்.

கடைசியில் டிஜிகேம் என்ற படம் அடுக்கும் மென்பொருளில் வந்து நின்றேன். இலவச மென்பொருள்கள் உருவாக்கும் கேடிஇ குழுவைச் சேர்ந்தது, ஓப்பன் சோர்ஸ் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்), விளம்பரம் இல்லை. முதல் முறை திறக்கும்போது சில கேள்விகள் கேட்கும். அதில் விவரங்களைப் படத்திலேயே எழுதவா, தன் டேட்டாபேஸில் மட்டும் வைக்கவா என்ற கேள்விக்கு, படத்திலேயே எழுது என்று கொடுத்தேன். பட்டது போதும், இதுவும் ஒருநாள் நின்றால் பெயர்கள் படத்தோடு வர வேண்டும். முகம் கண்டுபிடிக்க ஒரு பெரிய ஃபைலைத் தனியாக இறக்கச் சொல்லும், அதற்குப் பிறகு எல்லாம் நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது, படம் வெளியே எங்கும் போவதில்லை.

கீறல் விழுந்த பழைய படங்களுக்கு ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள். முதல் வாரம் கஷ்டம்தான், பிக்காசாவின் எளிமை இதில் கிடையாது. சேவ் கொடுத்தால் அதன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும், ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட். ஆனால் அந்த ஹீல் டூல் இருக்கிறதே! பாட்டியின் கன்னத்தில் குறுக்கே ஓடிய மடிப்புக் கோட்டை, பக்கத்துத் தோலிலிருந்து நிறத்தை எடுத்து மெல்ல மெல்லத் தடவி நிரப்பினேன். மூக்குத்திக்குப் பக்கத்தில் வந்தபோது பிரஷ்ஷை நாலு பிக்சலுக்குச் சுருக்க வேண்டியிருந்தது. முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த மூக்குத்தி இப்ப சித்திகிட்ட இருக்கு" என்றாள்.

பழைய கம்ப்யூட்டரை இன்னும் எடைக்குப் போடவில்லை. சேவ் கொடுக்காமல் விட்ட ஃபோல்டர் ஏதாவது இருந்துவிட்டால்?