கிளிநொச்சிக் கைகளும் ரொறன்ரோ அவரையும்

"நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை அம்மா, சும்மா இருங்கோ." கனடாவில் வந்து இறங்கிய முதல் கிழமையே பிள்ளைகள் அன்போடு சொல்லும் இந்த ஒரு வசனம் எத்தனையோ வன்னித் தாய்மாரைக் குத்தியிருக்கிறது. கேட்கிற மனுசி யார்? யாழ்ப்பாணத்தில் காணி போதாமல், 1936இல் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றத்துக்குப் போன குடும்பத்துப் பெண். தகப்பன் காடு வெட்ட, தாயோடு வேர் பொறுக்கி எரித்தவ. யானைக்கும் பன்றிக்கும் இரவுக் காவல் இருந்து, காய்ச்சலோடும் களை பிடுங்கி வளர்ந்தவ. அவவைக் கதிரையில் இருத்தி வைத்தால் ஒரு மாரிக்குள் முழங்கால் இறுகிவிடும், கதையும் குறைந்துவிடும்.

சப்பாத்து, மேலங்கி, ஐஸில் குறுக எட்டு வைத்து நடப்பது எல்லாம் பழகும். மண் இல்லாத நாள்தான் பழகாது. ஆகவே பின்வளவில் பத்தடிக்குப் பத்தடி கொடுங்கள். மிளகாய், கத்தரி விதையைப் பங்குனி நடுவில் யன்னலடியில் போட்டு, மே மாத விக்ரோரியா நாள் விடுமுறை கழித்து வெளியே நடவேண்டும். அதற்கு முன் பத்து நாள், சட்டிகளைப் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுக்க வேண்டும். நேரே வெயிலுக்கு விட்டால் இலை வெளிறிக் கருகும். கறிவேப்பிலையை இரவுக் குளிர் 10 பாகைக்கு இறங்கும்போது உள்ளே எடுங்கள். மாரியில் இலை கொட்டினால் எறியாதீர்கள். பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்துப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். இரக்கப்பட்டு ஊற்றினால் வேர் அழுகும்.

இவ்வளவும் சரிவரும். மனதை உடைப்பது அவரைக் கொடி.

ஊர் அவரையை நட்டால் கொடி வேலியை மூடிப் படரும். ஆடி போகும், ஆவணி போகும், ஒரு பூ இராது. புரட்டாசியில் மொட்டு வைக்கும், ஐப்பசியில் உறைபனி வந்து கருக்கிவிடும். "நான் வைச்சுக் காய்க்காத அவரையோ?" என்று அந்த மனுசி கலங்கிப் போவா. கை ராசி போய்விட்டது என்றே நம்புவா. பிழை அவவில் இல்லை, பகலில். பழைய ஊர் இனங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். கிளிநொச்சியில் ஆண்டு முழுக்கப் பகல் நீளம் ஏறி இறங்குவது ஒரு மணித்தியாலம் அளவுதான். ரொறன்ரோவில் ஜூன் மாதப் பகல் 15 மணித்தியாலத்துக்கும் மேல். அங்கே மார்கழி, தையில் காய்த்துக் கொட்டிய கொடி இங்கே நாள் குறுகுமட்டும் காத்து நிற்கிறது.

வழி உண்டு. பெரிய சட்டியில் நட்டு, நாலடியில் நுனியைக் கிள்ளி, கொடியை முக்காலிக் கம்பில் சுற்றுங்கள். ஜூலைக் கடைசியிலிருந்து மாலை 6 மணிக்குச் சட்டியை இருட்டான கராஜுக்குள் தள்ளி, காலை 8 மணிக்கு வெளியே எடுங்கள். மூன்று நாலு கிழமையில் மொட்டுத் தெரியும். இடையில் யாராவது இரவில் கராஜ் லைற்றைப் போட்டால் பட்ட பாடு வீணாகலாம், அதனால் சுவிச்சில் ரேப் ஒட்டி வையுங்கள். சட்டிக்கு அடியில் சில்லுப் பலகை இருக்கட்டும். எண்பது வயதில் தூக்கக்கூடாது, ஆனால் தள்ளலாம். இந்தத் தள்ளுகிற வேலையை அவவிடமே விடுங்கள். பேரப்பிள்ளை கதவைத் திறக்கட்டும்.

கனடா நல்லாப் பழகிப்போச்சு என்று ரெலிபோனில் சொல்லுவா. அதே மூச்சில், இரணைமடுக் குளம் வான் பாயுதோ, காலபோக நெல் விதைப்பு முடிஞ்சுதோ என்று கேட்பா. வருகிற ஆண்டுக்கு அவரை விதை வேண்டும் என்றால் முதல் பூவில் வந்த காய்களைப் பிடுங்காமல் முற்ற விடுங்கள். உறைபனி முந்திக்கொண்டால் கொடியோடு வெட்டிக் கராஜில் தலைகீழாகக் கட்டுங்கள். நெற்று மஞ்சளாகத் திரும்பியிருந்தால் விதை தேறும், பச்சையாக வெட்டியது முளைக்காது.