எள்ளல் இல்லாத சிரிப்பு: இந்த வாரத்துப் பரிந்துரைகள்

மேடையில் பகிடி சொல்லிப் பிழைக்கும் எவரும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை ஆண்டுக்கு ஒரு தடவையாவது எடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள், எட்டையும் அடுக்கும்போது தொல்காப்பியர் நகையைத்தான் முதலில் வைக்கிறார்; அழுகைகூட அதற்குப் பின்னரே வருகிறது. சிரிப்பு எவற்றிலிருந்து பிறக்கிறது என்பதையும் அவர் நான்காகப் பிரித்துச் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பது இகழ்ச்சி. இளமை என்பது குழந்தைத்தனம். பேதைமை அறியாமையைக் குறிக்கும். மடன் என்பது ஒருவர் சொன்னதை ஐயமே இல்லாமல் அப்படியே பற்றிக்கொள்ளும் இயல்பு. நான்கு ஊற்றுகள் இருக்கும்போது, எங்கள் மேடைகளில் பெரும்பாலும் முதலாவதில் மட்டுமே மீண்டும் மீண்டும் தண்ணீர் அள்ளப்படுகிறது. ஒருவருடைய நிறம், பருமன், திக்குவாய், ஊர்ப்பேச்சு ஆகியவற்றைச் சொன்னால் மண்டபம் உடனே சிரித்துவிடும் என்பது உண்மைதான். அந்தச் சிரிப்பின் நடுவே, அதே நிறமும் அதே திக்குவாயும் உள்ள ஒருவர் சிரிக்காமல் அமர்ந்திருப்பார் என்பதும் அதே அளவு உண்மை.

வாரந்தோறும் சிரிக்க ஒன்று, ஊக்கம் கொள்ள ஒன்று, வியக்க ஒன்று என்று நான் எடுத்துத் தருவது வழக்கம். பழைய பெயர்களில் சொன்னால் நகை, பெருமிதம், மருட்கை. இந்த வாரம் ஒரு நிபந்தனையோடு தேடினேன்: சிரிப்பு இருக்க வேண்டும், எள்ளல் இருக்கக் கூடாது. அப்படித் தேடிக் கிடைத்தவற்றில் எதுவுமே ஒரு பெட்டிக்குள் அடங்கவில்லை. சிரிக்க எடுத்தது வியப்பாகவும் வியக்க எடுத்தது ஊக்கமாகவும் மாறிக்கொண்டே இருந்தன.

முதலில் எலிகள். ஜாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர் 1990களின் பிற்பகுதியில் தம் ஆய்வுகூடத்தில் எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினார். ஒரு மூத்த ஆய்வாளர் கையை விட்டு எலியின் வயிற்றைக் கூசச் செய்யும் காட்சியை மனத்தில் வைத்துப் பாருங்கள். அதுவே சிரிப்பைத் தரும். எலிகளோ அப்போது ஏறத்தாழ 50 கிலோஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் விடாமல் கீச்சிட்டன. மனிதக் காது 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் கேட்காது என்பதால், நம் கூரைகளில் ஓடும் எலிகள் என்ன விளையாட்டில் எவ்வளவு மகிழ்ந்தாலும் நமக்கு அது எட்டாது. கையை எடுத்தால் எலிகள் அந்தக் கையைத் துரத்திக்கொண்டு வந்தன. இளம் எலிகளிடமே இந்த ஆர்வம் மிகுதியாக இருந்தது. தொல்காப்பியர் சொன்ன இளமை இதில் அப்படியே நிற்கிறது: எவரையும் தாழ்த்தாமல், விளையாட்டிலிருந்தே பிறக்கும் சிரிப்பு.

இந்த ஆய்வின் தொடர்ச்சிதான் என்னை அதிகம் பாதித்தது. 2016இல் பேர்லின் நகரில் ஷிம்பெய் இஷியாமாவும் மைக்கேல் பிரெக்ட்டும் அதே கிச்சுக்கிச்சை எலிகளுக்கு மூட்டி, அவற்றின் மூளையில் நடப்பதையும் பதிவு செய்தார்கள். பிறகு எலிகளை உயரமான ஒரு மேடையில், பளிச்சென்ற வெளிச்சத்தின் கீழே வைத்துச் செய்து பார்த்தார்கள். எலிக்கு அது அஞ்சத்தக்க இடம். அங்கே அதே விரல்கள் அதே இடத்தைத் தொட்டபோதும் கீச்சொலி அடங்கிப்போனது. அதனோடு சேர்ந்து இயங்கும் மூளை உயிரணுக்களின் துடிப்பும் குறைந்தது. அச்சம் இருக்கும் உடலில் சிரிப்பு ஏறுவதில்லை.

இதைத் திருகோணமலையில் மேடை ஏறும் ஒருவன் வெறும் செய்தியாகப் படித்துவிட்டு நகர முடியாது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை. அதற்கு முன்னும் பின்னும் போர். 2009இல் அது முடிந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் வாய்விட்டுச் சிரிப்பதற்கு முன்னர் ஒரு கணம் அக்கம்பக்கம் பார்ப்பதை நான் மேடையிலிருந்து பல தடவை கண்டிருக்கிறேன். அவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அப்படிப் பார்ப்பதில்லை. பகிடி முடிவதற்குள்ளேயே சிரித்துவிடுகிறார்கள். ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைப்பதற்கு முன்னர், இங்கே சிரித்தால் ஒன்றும் ஆகாது என்று அதற்கு உணர்த்துவதே என் தொழிலின் முதல் வேலை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ரொபேர்ட் புரொவைன் என்ற உளவியலாளர் பொது இடங்களில் மக்கள் சிரிப்பதைக் கவனித்துக் குறித்துவைத்தபோது, உரையாடலில் எழும் சிரிப்புகளில் பெரும்பாலானவை பகிடிகளுக்குப் பின்னால் வருவன அல்ல என்று கண்டார். தனிமையில் இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்றும் கண்டார். பக்கத்தில் இருப்பவரை நம்புவதால்தான் அந்தச் சிரிப்பு வருகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். அப்படியானால் எள்ளல் அந்த நம்பிக்கையைத்தான் முதலில் உடைக்கிறது.

அடுத்த பரிந்துரை நம் நாட்டுக்கே உரியது. உங்கள் வீட்டில் அறுபது வயதைக் கடந்த அப்பப்பாவோ பெரியம்மாவோ இருந்தால், இலங்கை வானொலியில் 1970களில் ஒலித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகத்தைப் பற்றிக் கேளுங்கள். கேட்ட உடனேயே அவர்களுடைய குரல் மாறும். யாராவது ஒரு பாத்திரத்தின் பேச்சைப் பேசிக் காட்டாமல் விடமாட்டார்கள். எஸ். ராம்தாஸ் அதில் மரிக்காராகி முஸ்லிம்களின் பேச்சுத் தமிழைப் பேசினார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகி யாழ்ப்பாணத்துத் தமிழைப் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலியாகி, சிங்களவர் ஒருவர் பேசும் தமிழைப் பேசினார். பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகி ஐயர்வீட்டுத் தமிழைப் பேசினார். ராம்தாஸ் மரிக்காராகவும் அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தார்கள் என்பதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் மற்றவருடைய மொழியை அவ்வளவு உன்னிப்பாகக் காது கொடுத்துக் கேட்டிருந்தால்தான் அது முடியும். பிற்காலத்தில் மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே அவர்கள் அறியப்பட்டார்கள். பாத்திரத்தின் பெயர் மனிதரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1976இல் இந்தக் கூட்டம் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது.

பிறருடைய பேச்சைப் பேசிக் காட்டுவதும் எள்ளல்தானே என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்வி. அங்கே நால்வரும் ஒரே தரையில் நின்றார்கள், நால்வருடைய பேச்சும் சிரிப்புக்கு உரியதாக இருந்தது, எவருடைய தமிழும் சரியான தமிழாக உயரத்தில் அமர்த்தப்படவில்லை என்பதே நான் காணும் வேறுபாடு. திருகோணமலையில் ஒரே மண்டபத்தில் நகரத்தாரும் மூதூர், கிண்ணியாவிலிருந்து வந்தவர்களும் தமிழ் தெரிந்த சிங்களவரும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பார்கள். கிண்ணியாப் பேச்சை நான் மேடையில் எடுக்கும்போது, கிண்ணியாவிலிருந்து வந்தவர் முதலில் சிரிக்கிறாரா என்று பார்ப்பேன். அவர் சிரித்தால் தொடர்வேன். அவர் சிரிக்காமல் மற்றவர்கள் மட்டும் சிரித்தால், அந்தப் பகுதியை அன்றே எடுத்துவிடுவேன்.

இந்த வாரம் நான் பரிந்துரைப்பவற்றில் ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரம் உண்டு என்பவர்களுக்கு, திமிங்கிலத்தின் மலத்தைப் பற்றி ஆஷா டி வோஸ் 2014இல் டெட் மேடையில் ஆற்றிய உரையைச் சொல்வேன். கடல்வாழ் பாலூட்டிகள் பற்றிய ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் அவர். 2003இல் ஓர் ஆய்வுக் கப்பலில் இருந்தபோது, இலங்கையை அடுத்த கடலில் நீலத் திமிங்கிலங்கள் சில கூடியிருந்ததையும், நீரின் மேலே செந்நிறத்தில் மலம் மிதந்ததையும் அவர் கண்டார். நீலத் திமிங்கிலங்கள் குளிர்ந்த கடல்களில் இரை தின்று, வெப்பக் கடல்களுக்கு இனப்பெருக்கத்துக்காக வருகின்றன என்பதே அப்போது பாடநூல்கள் சொன்ன கருத்து. மலம் இருக்கிறது என்றால் இரை தின்றிருக்கிறது என்று பொருள். சிவப்பாக இருக்கிறது என்றால் கூனி போன்ற சிறு இறால் இனங்களைத் தின்றிருக்கிறது என்று பொருள். மற்றவர்கள் முகம் சுளித்து விலகக்கூடிய ஒன்று அவருக்கு வாழ்நாள் ஆய்வுக்கான வாசலாகத் திறந்தது.

அந்த மலம் செய்யும் வேலை இன்னும் வியப்பானது. திமிங்கிலம் ஆழத்தில் இரை தின்கிறது. மூச்செடுக்க மேலே வருகிறது. மேலேதான் மலம் கழிக்கிறது. இதனால் இரும்பும் நைதரசனும் ஆழத்திலிருந்து வெயில்படும் மேல்நீருக்கு ஏற்றப்படுகின்றன. அந்தச் சத்தில் கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவைகள் செழிக்கின்றன; அவற்றை நம்பியே கடலின் உணவுச் சங்கிலி நிற்கிறது. உலகில் நிகழும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழப் பாதி இந்த மிதவைகளால்தான் நிகழ்கிறது. இதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மேடையில் சொன்னால் மலம் என்ற சொல்லுக்கே அரங்கம் ஆரவாரிக்கிறது. மிதவைகளுக்கு வரும்போது அதே அரங்கம் அமைதியாகிவிடுகிறது. நகையிலிருந்து மருட்கைக்கு இவ்வளவு குறுகிய பாதை உள்ள வேறொரு கதை எனக்குத் தெரியாது. மருட்கைக்கு மெய்ப்பாட்டியல் சொல்லும் காரணங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். உலகின் மிகப் பெரிய விலங்கும் கண்ணுக்குத் தெரியாத மிதவையும் ஒரே கதையில் வந்து அந்த நான்கையும் நிறைத்துவிடுகின்றன.

ஆஷா டி வோஸ் 2017இல் ஓஷன்ஸ்வெல் என்ற அமைப்பைத் தொடங்கினார். வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து தரவுகளை எடுத்துக்கொண்டு போய்விடும் வழக்கத்தை அவர் வெளிப்படையாக எதிர்த்து வருகிறார். ஒவ்வொரு கடற்கரையையும் அந்தக் கடற்கரையைச் சேர்ந்த ஒருவரே காக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். இதை நம் ஊரில் இருந்து கேட்கும்போது அதன் கனம் தெரியும். திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலுக்கு அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு மிக ஆழமாக இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட ஆழ்கடல் இருப்பதால்தான் திமிங்கிலங்களும் கிட்ட வருகின்றன. 1980களின் முற்பகுதியில் டியூலிப் என்ற சிறு பாய்க்கப்பலில் வந்த வெளிநாட்டு ஆய்வாளர்கள் நம் கடலில் திமிங்கிலங்களை ஆராய்ந்தார்கள். அடுத்த ஆய்வுப் படகில் சல்லியிலோ கிண்ணியாவிலோ பிறந்த ஒரு பிள்ளை தலைமை ஏற்றுச் செல்ல வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள், அங்குள்ள பாறைப் பிளவான இராவணன் வெட்டைப் பார்த்த கையோடு சிறிது நேரம் தொடுவானத்தையும் பார்த்து நில்லுங்கள். நீலத் திமிங்கிலம் மூச்சு விடும்போது எழும் நீராவித் தூண் ஒன்பது மீற்றர் வரை உயரும் என்பதால், கோயில் நிற்கும் சுவாமி மலையின் உயரத்திலிருந்து அது கண்ணில் படுவது உண்டு.

இனி விரைவாக இரண்டு. 1991 முதல் வழங்கப்படும் இக் நோபல் பரிசுகளின் பட்டியலைத் தேடிப் படியுங்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. 2002இல் கணிதத்துக்கான பரிசு, யானையின் உடலின் மொத்த மேற்பரப்பைக் கணக்கிட்ட கேரள விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீகுமாருக்கும் நிர்மலனுக்கும் கிடைத்தது. யானையின் தோலை எவரும் உரித்து விரித்து அளக்க முடியாது அல்லவா? அவர்கள் யானையின் உயரத்தையும் முன்பாதத்தின் சுற்றளவையும் கொண்டு மேற்பரப்பைக் காணும் சமன்பாடு ஒன்றை உருவாக்கினார்கள். உடல் வெப்பம் எவ்வளவு வெளியேறுகிறது என்பதை அறிய மேற்பரப்பு தெரிய வேண்டும். கந்தளாய் வீதியில் இரவில் யானைக்காக வண்டியை நிறுத்திக் காத்திருக்கும் நம் ஊர்க்காரருக்கு அந்த நேரத்தில் எண்ணிப் பார்க்க இதைவிட நல்ல கணக்கு இல்லை.

அந்தப் பட்டியலிலேயே ஆந்த்ரே கெய்ம் இருக்கிறார். உயிருள்ள தவளை ஒன்றைக் காந்தப்புலத்தில் அந்தரத்தில் மிதக்க விட்டதற்காக 2000இல் மைக்கேல் பெரியோடு சேர்ந்து இக் நோபல் பெற்றார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2010இல், ஓர் அணு தடிப்பே உள்ள கரிப் படலமான கிராஃபீன் பற்றிய ஆய்வுக்காக கொன்ஸ்தாந்தின் நொவோசெலொவோடு சேர்ந்து இயற்பியலுக்கான நோபல் பரிசையே பெற்றார். அந்தக் கிராஃபீனை அவர்கள் பிரித்தெடுத்தது, பென்சிலில் இருப்பது போன்ற கிராஃபைட்டை ஒட்டுநாடாவால் உரித்து உரித்துத்தான். வெள்ளிக்கிழமை மாலைகளில், வழக்கமான வேலைக்கு வெளியே, மனத்தில் தோன்றியதைச் செய்து பார்க்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு விளையாடிப் பார்க்கும் அந்தப் பேதைமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

எள்ளலை முழுவதுமாக விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கும் ஒரு நேர்மையான வழி உண்டு, அது தன் சமூகத்தைத் தானே எள்ளுவது. அதற்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த சான்று ‘சிரித்திரன்’ இதழ். 1960களில் கொழும்பில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த அந்த இதழை சிவஞானசுந்தரம் என்ற சுந்தர் நடத்தினார். கேலிச்சித்திரங்களையும் அவரே வரைந்தார். நூலகம் இணையக் காப்பகத்தில் அதன் பல இதழ்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏதேனும் ஓர் இதழைத் திறந்து, கட்டுரைகளுக்குப் போகாமல் சித்திரங்களை மட்டும் முதலில் பாருங்கள். அவருடைய சித்திரப் பாத்திரங்களான சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் எதிர்ப்பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.