ஆஸ்துமா நோயாளிகள் மருந்துக்கடையில் எதிர்பார்ப்பவை

திருப்பூரில் நூற்பாலைகளும் பனியன் கம்பெனிகளும் சூழ்ந்த ஒரு பகுதியில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். ஆஸ்துமா உள்ளவர் தம் மருத்துவரை ஆண்டுக்குச் சில முறையே பார்க்கிறார். மருந்துக்கடைக்கோ மாதம் தவறாமல் வருகிறார். ஆகவே இன்ஹேலரைச் சரியாக இழுக்கப் பழக்குவதற்கும், மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று கவனிப்பதற்கும் கடையே ஏற்ற இடம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சேவையை எப்படித் தந்தால் நோயாளிகள் ஏற்பார்கள் என்பதை அவர்களிடமே கேட்டறிய வேண்டியிருக்கிறது.

அவர்கள் முதலில் கேட்பது மறைவு. மருந்துக்கடையின் முகப்பில் எப்போதும் நாலைந்து பேர் நிற்பார்கள். அவர்களில் ஒருவராவது பக்கத்து வீட்டுக்காரராகவோ உறவுக்காரராகவோ இருப்பார். கல்யாண வயதில் மகள் இருக்கும் தாய், "அண்ணா, சத்தமாச் சொல்லாதீங்க, காகிதத்துல சுத்திக் குடுத்துருங்க" என்று கேட்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணை அத்தனை பேர் முன்னிலையில் இன்ஹேலரை வாயில் வைத்துக் காட்டச் சொன்னால், அடுத்த மாதம் அவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். மருந்து அலமாரிக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள் போட்டு ஒரு திரை கட்டிய பிறகுதான் பலர் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். சுவரில் ஒட்டிய வண்ணப் படங்களைவிட அந்தத் திரை அதிகம் பயன்பட்டது என்பேன்.

அடுத்தது நேரம். இங்கே பனியன் தொழிலில் பலருக்கும் வாரச் சம்பளம், அதுவும் சனிக்கிழமையில். அன்று மாலை கடையில் கூட்டம் நெரியும். ஒன்றரை ஷிப்ட் முடித்துக் களைத்து வருகிறவரை அரைமணி நேரம் உட்கார வைத்து அறிவுரை சொல்வது நடக்கிற காரியமன்று. ஐந்து நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் பேச வேண்டும் என்பதே பெரும்பாலோர் விருப்பம். தம் கதையைப் புதிதாக வந்த பணியாளரிடம் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல அவர்கள் விரும்புவதில்லை, அது நியாயமும்கூட.

செய்முறையைப் பொறுத்தவரை, அச்சிட்ட தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறவர்களே அதிகம். கையில் கொடுத்துச் செய்யச் சொல்லி, பார்த்துத் திருத்துவதையே அவர்கள் மதிக்கிறார்கள். அழுத்தி இழுக்கும் இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாகவும் ஆழமாகவும் இழுத்து, இயன்றால் பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். கேப்சூல் போட்டு இழுக்கும் கருவியில் அதற்கு மாறாக வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். இரண்டு கருவிகளையும் வைத்திருப்பவர் இந்த வேறுபாட்டை அறியாமல், மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிட, "இது எனக்கு ஒத்துக்கலை" என்று முடிவுகட்டிவிடுகிறார். கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கியவர்களும் உண்டு. ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்வது சிறு செய்தியாகத் தோன்றலாம்; அதைச் செய்யாமல் வாயில் வெள்ளை படிந்து, பயந்து, மருந்தையே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

நோயாளியின் விருப்பத்தை அப்படியே ஏற்க முடியாத இடமும் ஒன்று உண்டு. உடனே மூச்சைத் திறந்துவிடும் சால்பியூட்டமால் இன்ஹேலரையே பலரும் கேட்கிறார்கள். அதன் விலை குறைவு, பலன் கைமேல் தெரிகிறது. நாள்தோறும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரோ விலை கூடுதல், பலன் மெதுவாகத்தான் தெரியும், "பழகிப்போனா விட முடியாதுங்களாமே" என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் சால்பியூட்டமால் மூச்சுக்குழாயின் இறுக்கத்தைத் தளர்த்துமே தவிர, உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்காது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அதை மட்டும் தனியே கொடுத்து ஆஸ்துமாவைக் கையாள வேண்டாம் என்று ஆஸ்துமாவுக்கான உலகளாவிய முனைப்பான ஜினா 2019இல் பரிந்துரைத்தது. 200 முறை அழுத்தக்கூடிய குப்பியில் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால், கடும் இளைப்பு வரும் அபாயம் கூடுகிறது என்பதும் அதன் எச்சரிக்கை. ஆகவே ஒருவர் அடுத்த குப்பிக்கு விரைவாகவே வந்துவிட்டால் நான் பேசாமல் எடுத்துக் கொடுப்பதில்லை. "ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்ற கேள்வி விசாரணைபோல் ஒலிக்கிறது, "ராத்திரி தூக்கம் வருதுங்களா?" என்று கேட்டால் மனம்விட்டுப் பேசுகிறார்கள். இருமி விழிப்பதையும், மாடிப்படி ஏறத் திணறுவதையும் அவர்களே சொல்ல, அவற்றை ஒரு சீட்டில் எழுதி மருத்துவரிடம் அனுப்புகிறேன். பேசவே மூச்சு முட்டும் நிலையில் வருகிறவரை, எதையும் விளக்கிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு ஏற்றிவிட வேண்டும்.

இத்தனைக்கும் கூலி யார் தருவது என்பது தீராத கேள்வி. இங்கிலாந்தில் 2011 முதல், ஆஸ்துமா உள்ளிட்ட சில நோய்களுக்குப் புதிதாக மருந்து தொடங்குவோருக்கு மருந்தாளுநர் ஆலோசனை தருகிறார். அதற்கான கட்டணத்தை அரசின் சுகாதாரச் சேவையே கொடுக்கிறது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் மருந்தியல் பணி ஒழுங்குமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை தருவதை மருந்தாளுநரின் பணியாகவே சொல்கின்றன; ஆனால் அதற்கெனத் தனி ஊதியம் நடைமுறையில் இல்லை. நோயாளியிடம் கேட்டால், பேச்சுக்குப் பணமா என்று தயங்குகிறார். அதே மனிதர், தம் குழந்தைக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் குழாய், எப்படிப் பொருத்துவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தால், அந்தக் கருவிக்கான விலையை மறுபேச்சின்றித் தருகிறார். பரிந்துரைச் சீட்டில் ஸ்பேசர் இருந்தால், பழக்கிக் காட்டாமல் அதை இப்போது நாங்கள் விற்பதில்லை.