ஸ்ட்ராங் ரூம் செவுரு

பாண்டில பழைய கட்டடம் ரிப்பேர் பண்ற வேலைல சைட் சூப்பர்வைசரா இருக்கேன். போன வருஷம் ஒயிட் டவுன்ல ஒரு கட்டடம் வந்துது, ஒரு காலத்துல பேங்க், இப்ப கெஸ்ட் ஹவுஸா மாத்தணும்.

இந்த ஊர்ல பழைய பேங்க்னாலே எனக்கு லபூர்தொனே வீதில இருக்கற இந்தோசீனா பேங்க் கட்டடம்தான். 1875ல பாரீஸ்ல ஆரம்பிச்சு 1877லயே இங்க பிராஞ்ச் போட்டுட்டாங்க, பிரெஞ்சு இந்தியாவுக்கு ரூபா நோட்டு அடிச்சதும் அவங்கதான், இன்னைக்கு அங்க யூகோ பேங்க் நடக்குது. பேங்க்குன்னு கட்டினது பேங்க்காவே இருக்கறது ஒரு கொடுப்பினை. எங்களுக்கு வந்ததுக்கு அது இல்ல.

ஸ்ட்ராங் ரூமை பெட்ரூம் ஆக்கணும்னார் ஓனர். ரெண்டடி கன செவுரு, மேல கையளவு ஒரு வென்டிலேட்டர், இரும்புக் கதவு. எப்பவோ யாரோ உள்பக்கம் பூரா சிமெண்ட் பூசிருக்காங்க, அங்கங்க உப்பு பூத்து உப்பிக்கிட்டு நிக்குது. மேஸ்திரி உளியால ஒரு தட்டு தட்டினார், பலகை மாதிரி பேந்து விழுந்துது, உள்ள இருந்த செங்கல்ல விரல வெச்சா மாவா கொட்டுது. "செவுரு மூச்சு விட முடியல சார், தண்ணி உள்ளயே நின்னுபோச்சு"ன்னார். சுண்ணாம்புல கட்டின செவுரு ஈரத்தை இழுக்கும், திரும்ப வெளிய விட்டுடும், சிமெண்ட் அந்த வழிய அடைச்சா ஈரமும் உப்பும் சேந்து கல்லையே அரிச்சிடும். எனக்கு சுருக்குனு இருந்துது, ஏன்னா முன்னாடி வேற ஒரு சைட்ல நாள் ஆவுதுன்னு நானே சிமெண்ட் பூசச் சொல்லிருக்கேன், அந்த வீட்டுப் பக்கம் போனா இப்பவும் செவுத்த பாத்துக்கிட்டேதான் போவேன். 2014 நவம்பர் மழைல மேரி கட்டடம், அதான் பிரெஞ்சுக்காரங்க காலத்து முனிசிபல் ஆபீஸ், இடிஞ்சப்போ ஊரே வேடிக்கை பாத்துச்சு, ஆனா தினம் ஒரு வீட்டுக்குள்ள இப்படி செவுரு கரையறத யாரும் பாக்கறதில்ல.

மொத்த சிமெண்ட்டையும் கொத்தி எடுத்தோம். குழில நீத்துப்போட்ட சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறின தண்ணி, வெல்லம். ஒரு கை பூசி, அது இறுகினதும் அடுத்த கை, நடுவுல சாக்கு நனைச்சு தொங்கவிடணும். அவசரப்படுத்தினா வெடிச்சிரும். ஓனர் தினம் போன் பண்ணி எப்ப முடியும்னார், நானும் தினம் அதே பதிலைத்தான் சொன்னேன். அட்டாச்டு பாத்ரூம் பைப்பை அந்த செவுத்துல கொத்தி விடணும்னு கேட்டப்போ மட்டும் முடியவே முடியாதுன்னுட்டேன். பாத்ரூம் பின்பக்க தாழ்வாரத்துக்குப் போச்சு, ஸ்ட்ராங் ரூம் புஸ்தகம் படிக்கற ரூம் ஆயிடுச்சு.

இரும்புக் கதவ கழட்டல. சாவி யார்கிட்டயும் இல்ல, அதனால பூட்டு நாக்க மட்டும் எடுத்துட்டு, கீலுக்கு எண்ணெய் விட்டு, கொழந்தைங்க யாரும் உள்ள மாட்டிக்காம தெறந்தே நிக்கற மாதிரி கொக்கி போட்டு வெச்சிருக்கோம்.