கரடிப் பொம்மைக்கு இந்தியாவில ஃபக்டரி இடம் பிடிச்ச கதை

நாங்கள் கொழும்பு புறக்கோட்டையில விளையாட்டுச் சாமான் ஹோல்சேல் செய்யிற குடும்பம். மாமாவும் நானும் சேர்ந்து தமிழ்நாட்டில சின்னதா ஒரு சொஃப்ட் டொய் ஃபக்டரி போட்டிருக்கிறம், கரடி, யானை, முயல் எண்டு பஞ்சு அடைச்ச பொம்மைகள் மட்டும். இதைச் சொன்ன உடனே கொழும்பில எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், ஏன் இங்க பியகம, கட்டுநாயக்கா ஃபக்டரி வலயங்களில தைச்சு அனுப்பேலாதோ, இந்தியாவோட ஃப்ரீ ட்ரேட் ஒப்பந்தம் இருக்குத்தானே எண்டு. இருக்கு, 2000 மார்ச்சில இருந்து இருக்கு. ஆனா வரி ஒரு பக்கம் கிடக்கட்டும், 2021 ஜனவரி 1இல இருந்து பிஐஎஸ் எண்ட இந்தியத் தர நிர்ணயப் பணியகத்தின்ர லைசன்ஸும் அவையின்ர ஐஎஸ்ஐ மார்க்கும் இல்லாத பொம்மையை இந்தியாவில விக்கவே ஏலாது. வெளிநாட்டு ஃபக்டரிக்கும் அந்த லைசன்ஸ் குடுக்கினம்தான், அதுக்கு இந்தியாவில ஒரு பிரதிநிதியைக் காட்டோணும், 10,000 அமெரிக்க டொலருக்கு பாங்க் கரண்டி வைக்கோணும், ஒஃபிசர் இங்க வந்து பாத்திட்டுப் போற செலவும் எங்கட தலையில. பெரிய கொம்பனிக்கு இதெல்லாம் சில்லறை. முப்பது மெஷின் போட நினைக்கிற எங்களுக்குக் கட்டாது. மற்றது, இந்தியா பொம்மை இறக்குமதி வரியை 2020இல 20 வீதத்தில இருந்து 60 ஆக்கி 2023இல 70 ஆக்கின பிறகு அங்க உள்ளுக்குள்ள செய்யிறவனுக்குத்தான் ஓடர், அது புறக்கோட்டைக் கடையில இருந்து பாத்தாலே விளங்கும்.

இடம் தேடத் தொடங்கேக்க எல்லாரும் மாதிரி நாங்களும் காணி விலை, வாடகை, சப்ஸிடி எண்டுதான் கணக்குப் பாத்தம். சென்னையில எங்கட ஒடிட்டர்தான் ஒரு கதை சொன்னவர், அதுக்குப் பிறகு முழுக் கணக்கும் மாறிப்போச்சு. பிஐஎஸ் லைசன்ஸ் கொம்பனிக்குத் தாறதில்லை, அந்த விலாசத்தில இருக்கிற ஃபக்டரிக்குத் தாறது. கட்டிடத்தை மாத்தினா மார்க் அடிக்கிறதை நிப்பாட்டி, புது இடத்தைத் திரும்ப வந்து பாத்து ஓம் எண்ட பிறகுதான் திரும்பத் தொடங்கலாம். மார்க் அடிக்கேலாட்டி விக்கேலாது. அப்ப வாடகை எவ்வளவு எண்டதை விட, அந்தக் கட்டிடத்தில எத்தினை வருசம் எங்களை ஒருத்தரும் எழுப்பாமல் இருக்கலாம் எண்டதுதான் கேள்வி. நான் இதை எழுதுறதே இதுக்காகத்தான், ஏனெண்டா இடம் தேடுற ஆக்கள் இதை ஆகக் கடைசியாத்தான் யோசிக்கினம்.

எங்க எங்க பாத்தம் எண்டு கெதியாச் சொல்லுறன். நொய்டா பக்கம் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில டொய் பார்க் எண்டு செக்டர் 33இல ஒதுக்கியிருக்கினம், சாமான் கிடைக்கிற வசதியை மட்டும் பாத்தா டெல்லிப் பக்கம்தான் சரி, பானிபட்டும் லூதியானாவும் பக்கத்தில, பிளஷ் எண்ட மயிர் வைச்ச பொம்மைத் துணி அங்கால இருந்துதான் வருது, சதர் பஜார் ஹோல்சேல் சந்தையும் அங்கதான். ஆனா ஹிந்தி தெரியாமல் கொழும்பில இருந்து அதை நடத்தேலாது. ராஜ்கோட் பிளாஸ்டிக் மோல்டிங்காரருக்கு. கர்நாடகாவில கொப்பள் டொய் கிளஸ்டர் 400 ஏக்கர், அது எக்ஸ்போர்ட் செய்யிற பெரிய ஆக்களுக்கு. மரப்பொம்மைக்குப் பேர்போன சன்னபட்டணத்துக்கும் போய்ப் பாத்தனான், வேலை இல்லை, சும்மா ஆசைக்கு, வெட்பாலை மரத்தைக் கடைஞ்சு அரக்குச் சாயம் பிடிக்கிறதைப் பாத்துக்கொண்டே நிக்கலாம், அது வேற உலகம்.

ஸ்ரீசிட்டி எண்ட தொழிற்பேட்டை மட்டும் கொஞ்ச நாள் மனசில நிண்டது. ஆந்திரா எண்டாலும் சென்னையில இருந்து கிட்ட, ஒரு கொரியாக்காரப் பிளஷ் பொம்மைக் கொம்பனி ஏற்கனவே அங்க இருக்கு, அப்ப பொம்மை தைக்கத் தெரிஞ்ச பிள்ளையளும் இருக்கும். ஆனா அங்க எஸ்இஇஸட் எண்ட விசேட பொருளாதார வலயப் பகுதி, சாதாரணப் பகுதி எண்டு ரெண்டு இருக்கு. எஸ்இஇஸட்டுக்குள்ள செய்து இந்தியாவுக்க வித்தா அது இறக்குமதிக் கணக்கு, கஸ்டம்ஸ் வரி கட்டோணும். எங்கட மார்க்கெட்டே இந்தியாதான், அப்ப எஸ்இஇஸட்டால எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. சாதாரணப் பகுதியில எங்கட அளவுக்கு சின்ன ஷெட் அந்த நேரம் கிடைக்கேல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாடகையை விடுங்கோ, எலக்ட்ரொனிக்ஸ் கொம்பனியள் பஸ் விட்டு ஹொஸ்டல் குடுத்துப் பொம்பிளைப் பிள்ளையளை எடுக்கினம், அவையோட நாங்கள் சம்பளத்தில போட்டி போடேலாது. ராணிப்பேட்டையில ஃபன்ஸ்கூல் பொம்மைக் கொம்பனி இருக்கே எண்டு மாமா சொன்னவர், அவை இருக்கினம் எண்டதுக்காக நாங்களும் அங்க போகோணுமோ.

தூத்துக்குடிக்குத்தான் மாமா கடைசி வரைக்கும் நிண்டவர். கொழும்புக்கு நேர எதிர்க்கரை, ஃபீடர் கப்பல் ஒரு ராத்திரியில வந்திடும், அவருக்கு அது கண்ணுக்கு முன்னால தெரியுது. நான் பொம்மைப் பெட்டியைக் காட்டித்தான் மறுத்தனான். 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர் பெட்டி ஒண்டில எங்கட கரடியளை அடுக்கினா நாலு கிலோ வராது. கூரியர்காரர் நீளம் அகலம் உயரத்தைப் பெருக்கி 5000ஆல பிரிச்சு அதைத்தான் நிறையா எடுப்பினம், அது 19 கிலோவுக்கு மேல. அதாவது நாங்கள் காத்துக்குக் காசு கட்டுறம். பஞ்சு வரேக்க இறுக்கின பேலா வரும், துணி ரோலா வரும், பொம்மையாப் போகேக்கதான் ஊதிப் பெருத்துப் போகும். வக்கியூம் போட்டு அமத்தி அனுப்பலாம்தான், திறந்தா கரடி ஒரு பக்கம் சப்பளிஞ்சு நிக்கும், கடைக்காரர் திருப்பி அனுப்புவினம். அப்ப சாமான் வாற துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிறதை விட, வாங்குற கடைகளுக்குக் கிட்ட இருக்கோணும். எங்களுக்கு வாங்குறவை கோயம்புத்தூர், பெங்களூர், கொச்சி, சென்னை. தூத்துக்குடி எல்லாத்துக்கும் தூரம்.

திருப்பூருக்குப் போனது முதல்ல லேபல் விலை கேக்க. அங்கதான் கண் பிரச்சினை தீர்ந்தது. பொம்மைக் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லோணும். பொம்மைப் பாதுகாப்புக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 9873, அதின்ர முதலாம் பகுதிப்படி கண்ணைக் கவ்விப் பிடிச்சு 70 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட ஏழு கிலோ இழுவையில 10 செக்கன் வைப்பினம், கழண்டு வந்தா, வந்ததை 31.7 மில்லிமீட்டர் அகலமான ஒரு சின்ன உருளைக்குள்ள போட்டுப் பாப்பினம், முழுக்க உள்ள போச்செண்டா ஃபெயில், ஏனெண்டா அது குழந்தையின்ர தொண்டைக்குள்ளயும் போகும். மூண்டு வயசுக்கு மேலான பிள்ளையளுக்கு எண்டு லேபல் ஒட்டித் தப்பவும் ஏலாது, கட்டிப்பிடிச்சு நித்திரை கொள்ளுற பொம்மை எண்டா கைக்குழந்தைக்கும் போகும் எண்டுதான் எடுப்பினம். பிளாஸ்டிக் கண்ணுக்குப் பின்னால வொஷர் போட்டு அடிக்கிறதில வேலை செய்யிற ஒராள் கொஞ்சம் சோர்வா அடிச்சாலும் ஒரு லொட் முழுக்கப் போகும். திருப்பூரில கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி ஜொப் வேர்க் தெருவுக்குத் தெரு. கண், மூக்கு, வாய் எல்லாத்தையும் துணி வெட்ட முதலே நூலால அடிச்சுத் தருவினம், கழறுறதுக்கு ஒண்டுமே இல்லை. ஊசி முறிஞ்சு பொம்மைக்குள்ள கிடக்குதோ எண்டு பாக்கிற நீடில் டிடெக்டர் கூட வாங்காமல் மற்ற யுனிட்டில காசு குடுத்துப் போட்டு எடுக்கலாம். பொலிபேக், அட்டைப்பெட்டி, மெஷின் மெக்கானிக், எல்லாம் ஃபோன் அடிச்சா வரும். இந்த மாதிரி இடம் வேற எங்கயும் நான் காணேல்லை.

ஆனா திருப்பூர் டவுனுக்குள்ள தையல் ஆள் பிடிக்கேலாது, பீஸ் ரேட் 50 பைசா கூட எண்டா பக்கத்து யுனிட்டுக்குப் போயிடுவினம். காலமை ரோட்டில நிண்டு பாத்தா காங்கேயம், தாராபுரம் பக்கம் இருந்து வேன் வேனாப் பொம்பிளையள் வந்து இறங்கினம். அப்ப அவை ஏறுற இடத்தில போய் ஃபக்டரியைப் போட்டா என்ன? காங்கேயம் திருச்சி - கோயம்புத்தூர் ரோட்டில இருக்கு, கொழும்பில இருந்து திருச்சிக்கு ஃபிளைட், இறங்கினா கரூர், வெள்ளக்கோவில், காங்கேயம் எண்டு ஒரே ரோட்.

புரோக்கர் காட்டின இடங்கள் முக்கால்வாசி தறிக் குடோன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தலையைத் தொடுற உயரம், மத்தியானம் உள்ள நிக்கேலாது. எங்கட வேலையில ஃபேனைக் கூடப் போட்டா பிளஷ் வெட்டேக்க பறக்கிற மயிர் எல்லாம் எழும்பி மூக்குக்குள்ள போகும், அப்ப கூரை உயரம் வேணும், பஞ்சு அடைக்கிற இடத்தைச் சுவர் வைச்சுத் தனியாப் பிரிக்கோணும், அது நெருப்புக்கும் நல்லது. பொலியெஸ்டர் பஞ்சும் பிளஷும் குவிஞ்சு கிடக்கிற இடத்தில ஒரு பொறி விழுந்தா யோசிச்சுப் பாருங்கோ, இன்ஷூரன்ஸ்காரரும் முதல்ல பின் கதவு எங்க எண்டுதான் கேட்டவை. தறிக்கு அரசாங்கம் சலுகையில குடுக்கிற கரண்ட் கனெக்சன் இருக்கு, அதில எங்கட மெஷினை ஓட்டேலாது, மாத்தி எடுக்கோணும். கனக்க ஷெட் தோட்டக் காணியில டிடிசிபி (நகர் ஊரமைப்பு இலாகா) அப்ரூவல் இல்லாமல் கட்டினது. "அதெல்லாம் இங்க யாருங்க பாக்கறாங்க" எண்டு புரோக்கர் சிரிக்கிறார். பாக்கிற ஒஃபிசர் வந்து நிக்கேக்க புரோக்கர் பக்கத்தில நிக்கமாட்டார்தானே.

கடைசியாப் பிடிச்ச இடம் ஒரு பழைய பனியன் யுனிட், ஓனர் வயசானவர், நல்ல மனுசன். சண்டை வாடகையில இல்லை, அக்ரிமென்ட்டில. அங்க எல்லாரும் பதினொரு மாசத்துக்குத்தான் எழுதுவினம், அதுக்கு மேல, ஒரு வருசம் தாண்டினா ரிஜிஸ்டர் பண்ணோணும், ஸ்டாம்ப் செலவு, வீணா ஏன் எண்டு.

"பதினொரு மாசத்துக்கு எழுதிக்கலாமுங்க தம்பி, அப்பறம் மறுக்கா எழுதிக்கலாம், நாங்க எங்கீங்க போயிரப் போறோம்."

"ஐயா, நீங்க போகமாட்டீங்க எண்டு தெரியும். எங்களால போகேலாது, அதுதான் பிரச்சினை."

அவருக்கு லைசன்ஸ் விசயத்தை விளங்கப்படுத்தி, ரிஜிஸ்டர் செலவு எங்கட, அட்வான்ஸ் பத்து மாசம், வருசா வருசம் வாடகை இவ்வளவு கூடும் எண்டு முதலே எழுதி, அஞ்சு வருசத்துக்குப் போட்டம். அவர் இடத்தை வித்தாலும் வாங்குறவர் எங்களை அந்தக் காலம் முடியும் வரை வைச்சிருக்கோணும் எண்டு ஒரு வரி சேர்த்தம், அதுக்கு அவரின்ர மகன்தான் கனக்க முறுகினவர். பக்கத்துத் தறிக் குடோனை விடக் கூடின வாடகைதான், எனக்கு அதில கவலை இல்லை.

பேந்து விலாசம். ஈபி (கரண்ட்) கார்டில ஒரு கதவு நம்பர், சொத்து வரி ரசீதில வேற, பத்திரத்தில எஸ்எஃப் நம்பர் (காணியின்ர சர்வே நம்பர்) மட்டும். மூண்டையும் ஒண்டாக்காமல் எந்த அப்ளிகேஷனும் போடாதேங்கோ. ஜிஎஸ்டி, கொம்பனி பதிவு, பிஐஎஸ் எல்லாத்திலயும் ஒரு எழுத்து மாறாமல் ஒரே விலாசம் இருக்கோணும் எண்டு ஒடிட்டர் பிடிவாதமா நிண்டவர், பஞ்சாயத்து ஒஃபிசில போய்க் குந்தியிருந்து அதை நேராக்கினம்.

காசு விசயம் கேக்கிற ஆக்களுக்கு: பொம்மை உற்பத்தியில வெளிநாட்டு முதலீடு 100 வீதமும் ஒட்டோமட்டிக் ரூட், முன் அனுமதி தேவையில்லை. 2020 ஏப்ரலில வந்த கட்டுப்பாடு இந்தியாவோட தரை எல்லை உள்ள நாடுகளுக்கு, எங்களுக்கு நடுவில கடல், அப்ப தப்பினம். ஆனா டிரெக்டர் ஒராள் வருசத்தில 182 நாள் இந்தியாவில இருக்கிறவரா இருக்கோணும், ஷெயார் குடுத்து 30 நாளைக்குள்ள ரிசேர்வ் பாங்குக்கு எஃப்சி-ஜிபிஆர் எண்ட படிவம் ஃபைல் பண்ணோணும். இலங்கைப் பக்கம் காசு வெளியில போறது 2017 அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குக் கீழ, உங்கட பாங்கில வெளிமுக முதலீட்டுக் கணக்கு ஊடாத்தான். 2020இல இருந்து அந்த விதியள் அடிக்கடி மாறினது, அனுப்புற அண்டைக்கு என்ன விதி எண்டு பாங்கில எழுத்தில கேட்டு வாங்குங்கோ. உண்டியல்ல, அதாவது பாங்குக்கு வெளியால, அனுப்பிப்போட்டுப் பிறகு லாபத்தை எப்பிடிக் கொண்டுவாறது எண்டு முழிக்கிற ஆக்களையும் கண்டிருக்கிறன்.

பிஐஎஸ் ஒஃபிசர் வந்தவர், மெஷின் லிஸ்டைப் பாத்தவர், சோதனைச் சாமான் வைச்ச அறையைப் பாத்தவர் (கதவு பூட்டுற தனி அறை, ஷெட் பிடிக்கேக்கயே அதை யோசிச்சு வையுங்கோ), இழுவை சோதனையை எங்கட வேலையாளையே செய்து காட்டச் சொன்னவர், சாம்பிள் எடுத்துக்கொண்டு போனவர். லைசன்ஸ் கிடைச்சுது. இப்ப முப்பதில இருபத்தொரு மெஷினுக்கு ஆள் இருக்கு, எல்லாரும் சுத்துவட்டார ஊர் ஆக்கள், பனியன் தைச்ச கை பிளஷில முதல் மாசம் தடுமாறும், மயிர் எந்தப் பக்கம் படுக்குது எண்டு பாக்காமல் வெட்டினா கரடியின்ர ஒரு கன்னம் கறுப்பா மற்றது வெளுப்பா தெரியும், அது பழகிட்டுது.

மாமாவுக்கு இப்ப வயித்தை அமத்தினா பாட்டுப் பாடுற கரடி வேணுமாம், தீபாவளிக்கு நல்லாப் போகுமாம். பட்டரி வைச்ச உடனே அது எலக்ட்ரிக் டொய், ஐஎஸ் 15644, அதுக்கு வேற லைசன்ஸ், வேற சோதனைச் சாமான், அந்தச் சின்ன அறைக்குள்ள அதுக்கு இடமும் இல்லை எண்டு நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன், அவர் சீனாவில இருந்து மியூசிக் பொக்ஸுக்கு விலை எடுத்துப்போட்டார்.